மீன் தராசு

ஏப்ரல் 22

ஏலக்கூடத்தில் ஓரமாகக் கிடந்த பழைய மீன் தராசு ஒருவழியாக இன்று மைதானத்துக்கு வந்து சேர்ந்தது. மீனவர் சங்கத்தில் புதிது வாங்கிவிட்டார்கள், பிள்ளைகளின் கால்பந்துக் கோடை முகாம் முடியும்வரை இதை இரவல் தந்திருக்கிறார்கள். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். சாளை நாற்றம் போவேனா என்கிறது.

நாகர்கோவிலில் பயிற்சியாளர்களுக்கு நடந்த வகுப்பில் சொல்லித் தந்ததுதான். பயிற்சிக்கு முன்னால் ஓர் எடை, முடிந்த பிறகு ஓர் எடை. இடையில் குறைந்ததெல்லாம் வியர்வை. ஒரு கிலோ குறைந்தால் ஒன்றரை லிட்டர் தண்ணீர் உள்ளே போக வேண்டும். உடம்பில் நூற்றுக்கு இரண்டு பங்கு வற்றினாலே கால் ஓடாது, பந்து எங்கே என்று மூளைக்கும் தெரியாது. கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குப் போன வருஷத்து அரையிறுதிதான் கண்ணுக்குள் வந்தது. முதல் பாதியில் இரண்டு கோல் போட்ட பிள்ளைகள், இரண்டாம் பாதியில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். கடற்கரைப் பிள்ளைகளுக்குத் திராணி இல்லை என்று மைக்கிலேயே சொன்னார்கள். திராணி இல்லாமலா? தண்ணீர் இல்லை, அவ்வளவுதான். ஜூன் எட்டாம் தேதி மாவட்ட அணித் தேர்வு. இந்த முறை என் பிள்ளை ஒருத்தியாவது போக வேண்டும்.

தராசில் ஏற எல்லாருக்கும் வெட்கம். முதலில் ஏறியவள் பெனிஷா, படகுக்காரர் கிளீட்டஸின் மகள். பதினைந்து வயசு, வாய் ஐம்பது வயசு. “டீச்சர், நான் என்ன வெலைக்குப் போவேன்?” என்றாள். முள் நாற்பத்தொன்பதில் நின்றது. “நெய்மீனா இருந்தா உனக்க அப்பா இந்த மாசம் கடலுக்குப் போவாண்டாம்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அதன் பிறகு மற்றவர்களும் ஏறினார்கள்.

ஏப்ரல் 23

எடைகளை வலைக்கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தேன். எங்களுக்குப் பிறகு விளையாட வந்த பையன்கள் அதைப் படித்திருக்கிறார்கள். டெல்பினைத் தெருவில் பார்த்து ‘அறுபத்திரெண்டு’ என்று கூப்பிட்டார்களாம். அவள்தான் கோல்கீப்பர், கேப்டன். பந்து முகத்தில் அடித்தாலும் அழாதவள் இன்று அழுதாள்.

என் தப்பு. பெண்பிள்ளைகளின் எடை ஊருக்கு எதற்கு? இனி முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்து அவரவர் காதில் சொல்லிவிட்டு, ஈரத் துணியால் சுவரைத் துடைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். எனக்கு வேண்டியது வித்தியாசம்தான்.

ஏப்ரல் 26

யாரும் குடிப்பதில்லை. நான் அந்தப் பக்கம் திரும்பினால் பாட்டிலை மணலில் கவிழ்க்கிறார்கள். எங்கள் கரையில் தண்ணீருக்கு வெள்ளம் என்று பேர். பேரில் இருக்கிற தாராளம் பிள்ளைகளின் தொண்டையில் இல்லை.

காரணம் எனக்குத் தெரியாதா? நானும் இந்த மணலில் பந்து விளையாடியவள்தான். ஒரு பொம்பளைப் பிள்ளை ஒதுங்க இங்கே ஒரு மறைவு கிடையாது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே நாக்கைக் கட்டிக்கொண்டுதான் வருவோம். பங்குக் கோயிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியாரிடம் போய்ப் பங்கு மண்டபத்துக் கழிப்பறைச் சாவியைக் கேட்டேன்.

“சாவி களஞ்சு போவும் டீச்சர்.”

“களஞ்சா புதுப் பூட்டு நான் வாங்கித் தாரேன். பிள்ளைகளுக்க ஒடம்பு களஞ்சா நீங்க வாங்கித் தருவியளா?”

கொடுத்துவிட்டார். ஒரு கட்டையில் கட்டி, கொட்டகைத் தூணில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன்.

மே 3

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும். கெஞ்சினேன், திட்டினேன், எலுமிச்சையும் உப்பும் போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். கோழி குடிப்பதுபோல் குடிக்கிறார்கள்.

பெனிஷா மட்டும் விதிவிலக்கு. இரண்டு லிட்டர் பாட்டிலைத் தூக்கினால் வைப்பதில்லை. எல்லாரையும் நிறுத்தி, “இவளைப் பாருங்க. இவளுக்குத்தான் சொன்னது மண்டையில ஏறியிருக்கு” என்றேன். சாவியை எடுத்துக்கொண்டு அவள் ஓடுவதும் வருவதுமாக இருப்பதால் ‘சாவிக்காரி’ என்று பேர் வைத்துவிட்டார்கள். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. எனக்கும் சந்தோஷம்தான். ஒருத்தி குடித்தால் நாளைக்கு நான்கு பேர் குடிப்பார்கள்.

மே 9

கேஸ் சிலிண்டர் வந்தது. முருங்கையில் கம்பளிப்பூச்சி, தீப்பந்தம் காட்டினேன். பெனிஷா இன்று இரண்டு பாட்டில்.

மே 14

ரேஷன் கடை வரிசையில் பெனிஷாவின் அம்மா புஷ்பம் பிடித்துக்கொண்டாள். “டீச்சர், இவ பானையோட திங்கா. ராத்திரி மூணு நாலு தடவ எழும்பி ஒதுங்கப் போறா. குடத்துல வெள்ளம் நிக்கதில்ல. வயித்துல பூச்சியா இருக்குமோ?”

“விளையாடுத பிள்ளை திங்காம என்ன செய்யும்? வெள்ளம் நான்தான் குடிக்கச் சொன்னேன். சந்தேகம்னா பூச்சிமருந்து ஒண்ணு குடு” என்றேன்.

“நீங்க சொன்னா சரி” என்று போனாள். பருப்பு இந்த மாசமும் இல்லை.

மே 20

பெனிஷாவின் ஆட்டம் கொஞ்சம் சரியில்லை. கண்ணுக்கு நேரே வந்த பந்தை இரண்டு தடவை விட்டாள். “மங்கலாட்டு தெரியுது டீச்சர்” என்கிறாள். வெயில். தொப்பி போட்டுக்கொள்ளச் சொன்னேன். நிக்கர் இடுப்பில் நிற்காமல் நழுவுகிறது, வலைக்கயிறு ஒரு துண்டு எடுத்துக் கட்டியிருக்கிறாள். “கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆன கதையா இருக்கே” என்று டெல்பின் கேலி செய்தாள். ஓடுகிற பிள்ளைக்குக் கொழுப்பு கரையத்தான் செய்யும். டெல்பினுக்கும் கொஞ்சம் கரைந்தால் நல்லது.

இன்று பெனிஷாவுக்கு ஒரு கிலோ இருநூறு குறைந்தது. சொன்ன அளவைவிடக் கூடவே குடித்தாள்.

மே 25

பயிற்சி நேரத்தில் மிட்டாய் தின்னக் கூடாது என்று எத்தனை தடவை சொல்வது? இன்று பெனிஷா பக்கத்தில் வந்து பேசும்போது வாயில் கனிந்துபோன பழத்தின் மணம். “என்ன தின்னே?” என்றேன். “சத்தியமாட்டு ஒண்ணும் திங்கல்ல டீச்சர்.” பாக்கெட்டைத் தடவிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. பொய் சொன்னதற்காக மைதானத்தை ஒரு சுற்று ஓடச் சொன்னேன். பாதியில் நடந்தாள். பார்த்தும் பார்க்காததுபோல் விட்டுவிட்டேன். நல்ல பிள்ளை, தேர்வு நேரத்தில் மனசை உடைக்கக் கூடாது.

மே 30

ஜூன் ஒன்றில் மீன்பிடித் தடை தொடங்குவதால் படகுகள் எல்லாம் திரும்பிவிட்டன. ஈஸ்டர் கழிந்து ஆழ்கடலுக்குப் போன கிளீட்டஸ் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே மைதானத்துக்கு வந்தார். கையில் எனக்கென்று ஒரு துண்டு சூரை மீன்.

மகளைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கிட்டப் போய்த் தோளெலும்பில் கையை வைத்துப் பார்த்தார்.

“எனக்க பிள்ளைக்கு என்ன பத்திச்சு டீச்சரே? பாதியாப் போச்சே.”

“ஒண்ணும் ஆவல்ல. ரெண்டு நேரமும் ஓடுதா இல்லியா, இப்பிடித்தான் இருக்கும். நான் தினமும் எடை பாக்கேன். கண்ணில விளக்கெண்ணெய் விட்டுட்டுத்தான் பாத்துட்டிருக்கேன்” என்று தராசைக் காட்டினேன். எப்படி எடை போட்டு, எப்படிக் கழித்து, எப்படித் தண்ணீர் அளந்து கொடுக்கிறேன் என்றெல்லாம் விளக்கினேன். தராசை ஒரு பார்வை, மகளை ஒரு பார்வை பார்த்தார்.

“ஒருக்கா டாக்டர்ட்ட காட்டினா என்ன?”

“எட்டாம் தேதி தேர்வு முடியட்டும். நானே கூட்டிட்டுப் போறேன்.”

“டீச்சர் பாக்குதுன்னா சரி” என்றார்.

அவர் போன பிறகு பெனிஷாவைப் பார்த்தேன். வெயில் இறங்கியிருந்தது, சரியாகத் தெரியவில்லை. தினமும் பார்க்கிற முகத்தில் புதிதாக என்ன தெரியும்? சூரையைக் குழம்பு வைத்தேன். நல்ல ருசி, ஆனாலும் பாதிக்கு மேல் இறங்கவில்லை.

ஜூன் 4

பெனிஷா இன்று வாந்தி எடுத்தாள். மூச்சு வாங்குகிறது. ஓடாமலே வாங்குகிறது. தராசில் ஏற்றினேன், வந்தபோது இருந்த எடைக்கும் இப்போதைய எடைக்கும் இரண்டு கிலோ வித்தியாசம். இது தண்ணீர் வற்றிய வேலையேதான், வகுப்பில் சொன்ன அடையாளம் அத்தனையும் இருந்தது. கொட்டகை நிழலில் படுக்கவைத்து, எலுமிச்சை பிழிந்து, குளுக்கோஸ் பாக்கெட்டை உடைத்துக் கலக்கிக் கொடுத்தேன். கடகடவென்று குடித்தாள்.

“இன்னும் தாருங்க டீச்சர்.”

தந்தேன். மிச்சப் பாக்கெட்டையும் கையில் கொடுத்து, வீட்டிலும் கலக்கிக் குடிக்கச் சொல்லி டெல்பினோடு அனுப்பினேன். தேர்வுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அதற்குள் தேறிவிடுவாள்.

ஜூன் 5

பெனிஷா வரவில்லை. மாலையில் போய்ப் பார்க்க நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் வெள்ளையடிக்கிறவர்கள் வந்து நின்றதால் போகவில்லை.

ஜூன் 6

காலையில் டெல்பின் ஓடிவந்து சொன்னாள். கூப்பிட்டால் பெனிஷா கண்ணைத் திறக்கவில்லையாம். நான் போவதற்குள் ஆட்டோவில் ஏற்றியிருந்தார்கள். நானும் ஏறிக்கொண்டேன். கிளீட்டஸ் மகளை மடியில் போட்டிருந்தார். ஆட்டோ முழுக்க அந்தப் பழ மணம்.

பெரிய ஆஸ்பத்திரியில் விரலில் ஊசி குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை அந்த மெஷின் காட்டுகிற அளவையே தாண்டிவிட்டதாம். பதினைந்து வயசுப் பிள்ளைக்குச் சர்க்கரையா என்று கேட்டேன். டாக்டர் சின்னப் பெண். அவளுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. சின்ன வயசிலேயே வருகிற வகை இது, உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடும், தின்றது எதுவும் உடம்பில் சேராது என்றாள். பிறகு கேட்டாள்.

“ரொம்பத் தாகம்னு சொன்னாளா?”

“ஆமா.”

“அடிக்கடி ஒண்ணுக்குப் போனாளா?”

“ஆமா.”

“கண்ணு மங்கலா இருக்குன்னு?”

“சொன்னா.”

“வாய்ல பழ வாடை?”

புஷ்பமும் கிளீட்டஸும் பக்கத்தில் நின்றார்கள். எல்லாவற்றுக்கும் நான்தான் ஆமாம் சொன்னேன். அவர்களுக்குத் தெரியாததும் எனக்குத் தெரிந்திருந்தது.

“எடை குறைஞ்சுதா?”

“தினமும் எடை பாப்பேன் டாக்டர்” என்றேன். அந்த நேரத்திலும் அதில் ஒரு பெருமை இருந்தது. இருந்தது என்று எழுதத்தான் வேண்டும்.

“அப்ப ரெண்டு மாசத்துக்கு முன்னாடி எவ்வளவு இருந்தா? இப்ப முப்பத்தொம்பதுதான் இருக்கா.”

ஒரு கிலோ இருநூறு, எண்ணூறு கிராம், இரண்டு கிலோ என்று வித்தியாசங்கள்தான் எனக்குத் தெரியும். எதிலிருந்து கழித்தேன் என்பதை ஈரத் துணியால் அன்றன்றைக்கே துடைத்துவிட்டேன். முதல் நாள் எடை இந்த டைரியில் இருக்கும். புரட்டிப் பார்க்கவில்லை.

“இவ்வளவு சர்க்கரை இருக்கும்போது இனிப்பா ஏதாவது குடுத்தீங்களா?” என்று டாக்டர் கடைசியாகக் கேட்டாள். கிளீட்டஸ் என்னைப் பார்த்தார்.

ஜூன் 7

பெனிஷா விடியற்காலையில் இறந்துபோனாள்.

ஜூன் 8

மாவட்ட அணித் தேர்வு இன்று. எங்கள் ஊரிலிருந்து யாரும் போகவில்லை.

பங்குக் கோயிலில் சவப்பெட்டி திறந்தே இருந்தது. நல்ல சட்டை போட்டிருந்தார்கள், அதிலும் இடுப்பில் இரண்டு ஊசி குத்தியிருந்தது. ஊசியின் தலை தெரியாமல் டெல்பின் துணியை இழுத்துவிட்டாள். புஷ்பம் என்னை ஏசுவாள் என்று எதிர்பார்த்துப் போனேன். ஏசினால் நன்றாக இருந்திருக்கும். அவள் சத்தமில்லாமல், “நீங்க குடிக்கச் சொன்னிய, அவ குடிச்சா டீச்சர். எனக்க பிள்ளை சொன்னதக் கேக்குத பிள்ளை” என்றாள்.

மணலில் குழி எடுத்தால் சீக்கிரம் சரிகிறது. இரண்டு தடவை எடுத்தார்கள்.

ஜூன் 10

பள்ளி திறந்தது. எட்டாம் வகுப்புக்குப் புது சார் வந்திருக்கிறார். இரவல் தராசை ஏலக்கூடத்தில் திருப்பிக் கொடுத்தேன். திரும்பி வரும் வழியில்தான் ஒன்று பட்டது. அங்கே ஒரு மீன் ஒரு தடவைதான் தராசில் ஏறும். நேற்று எவ்வளவு இருந்தாய் என்று யாரும் அதைக் கேட்பதில்லை. நானும் பிள்ளைகளை அப்படித்தான் ஏற்றினேன்.

ஜூன் 19

பயிற்சியை மறுபடி தொடங்கினேன். பதினெட்டுப் பேரில் ஒன்பது பேர் வந்தார்கள். ஒருத்தி கையிலும் பாட்டில் இல்லை. நான் குடத்தில் கொண்டுபோயிருந்தேன், கிட்டவும் வரவில்லை.

“ஏன் மக்களே?” என்றேன்.

டெல்பின்தான் வாயைத் திறந்தாள். “வெள்ளம் குடிச்சுக் குடிச்சுத்தான் பெனிஷா செத்தான்னு அம்மை சொல்லிச்சு. எல்லாருக்க வீட்லயும் அப்பிடித்தான் சொல்லுதாவ. கிரவுண்டுல ஒரு சொட்டு குடிச்சா காலை ஒடிப்பேன்னு சொல்லிச்சு.”

அது தாகத்தால் வந்த நோய் இல்லை, நோயால் வந்த தாகம் என்று சொன்னேன். மணலில் படம் போட்டுக் காட்டினேன். தலையை ஆட்டினார்கள். யாரும் குடிக்கவில்லை. என் பேச்சை நம்புவதற்கு அவர்களுக்கு என்ன காரணம் இருக்கிறது?

சாவி ஆணியிலேயே தொங்குகிறது.

ஜூலை 2

அவர்கள் முன்னால் நானே மூன்று டம்ளர் குடித்துக் காட்டினேன். வேடிக்கை பார்த்தார்கள்.

ஜூலை 13

உதடு வெடித்து ரத்தம் வருகிற அளவுக்கு ஓடிவிட்டு, எச்சிலை விழுங்கிக்கொண்டு நிற்கிறார்கள். இன்று ஒருத்தி மயங்கி விழுந்தாள். முகத்தில் தெளித்த தண்ணீர் உதட்டில் படாமல் வாயை இறுக்கிக்கொண்டாள். நேரே சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் ரத்தம் பார்க்கச் சொன்னேன். சர்க்கரை இல்லை, வெறும் வறட்சி என்றார்கள். அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அவளுடைய அம்மா வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள்.

இப்படியே போனால் இன்னொன்று நடக்கும். இனி பயிற்சி வேண்டாம், வெயில் மட்டுப்படட்டும் என்று சொல்லிவிட்டேன். வெயில் மேல் பழி போட்டேன்.

ஜூலை 24

டெல்பின் வீட்டுக்கு வந்தாள். “டீச்சர் வரல்லன்னாலும் நாங்க விளையாடுதோம்” என்றாள். எந்த நேரத்தில் என்று கேட்டேன். லீவு நாள் மத்தியானத்தில்தான் பையன்கள் இல்லாமல் மைதானம் காலியாக இருக்கிறதாம். மத்தியான வெயிலில், தண்ணீர் இல்லாமல். நாளை முதல் நானே வருகிறேன் என்று சொன்னேன்.

ஜூலை 31

இன்று நள்ளிரவோடு தடை முடிகிறது. படகுகளில் ஐஸ் ஏற்றுகிறார்கள், கரை முழுக்க டீசல் வாடை.

மாலைப் பயிற்சியில் பதினொரு பேர் இருந்தார்கள். குடத்தை வழக்கம்போல் கொட்டகையில் வைத்திருந்தேன். நிறைத்துக் கொண்டுவருவதும், நிறைத்தபடி திருப்பிக் கொண்டுபோவதும் ஒரு வாரமாக நடக்கிறது. பாதி நேரத்தில் விசில் ஊதினேன். பிள்ளைகள் மூச்சிரைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார்கள்.

கிளீட்டஸ் அப்போதுதான் வந்தார். அடக்கத்துக்குப் பிறகு அவர் மைதானத்தை மிதிக்கவில்லை. தெருவில் பார்த்தாலும் நான்தான் வேறு வழியாகப் போவேன். கடலுக்குப் போகிற உடுப்பில் இருந்தார், கையில் பெனிஷாவின் இரண்டு லிட்டர் பாட்டில். நான் எழுந்து நின்றேன். என்னைத் தாண்டிப் போனார். குடத்தைச் சரித்துப் பாட்டிலை நிறைத்தார். பிள்ளைகள் முன்னால் போய் நின்று, அண்ணாந்து, பாட்டிலை உயர்த்திக் குடித்தார். கழுத்தில் நரம்பு புடைக்கப் புடைக்க, நிறுத்தி நிறுத்தி, முழுவதும் குடித்தார். ஒரு பிள்ளையும் அசையவில்லை.

மறுபடி நிறைத்து டெல்பினிடம் நீட்டினார்.

“வெள்ளம் ஒண்ணும் செய்யல்ல மக்களே” என்றார். “குடியுங்க.”

டெல்பின் வாங்கினாள். குடிக்கக் குடிக்க அவளுக்கு அழுகை வந்தது, ஆனாலும் நிறுத்தாமல் குடித்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். பாட்டில் பதினொரு பேரையும் சுற்றி வந்தது. நான் குடத்தோடு போய் நடுநடுவே நிறைத்தேன். ஒருத்தி எழுந்து போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள்.

வெள்ளம் ஒன்றும் செய்யவில்லை. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. வெறும் பாட்டிலை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படகுப் பக்கமாக நடந்தார். வந்ததிலிருந்து போகும்வரை ஒரு தடவைகூட என்னைப் பார்க்கவில்லை.